12 மணி நேர அகண்ட நாமம்: 30 பேரை வைத்து இடைவெளி விழாமல் நடத்துவது எப்படி?

வேளச்சேரி வாசி:

அனைவருக்கும் நமஸ்காரம். எங்கள் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 முதல் மாலை 6 வரை அகண்ட நாமம், அதாவது பகவான் நாமத்தை இடைவிடாமல் சொல்வது, வைப்பதாக முடிவாகியிருக்கிறது. பெயர் கொடுத்தவர்கள் 30 பேர். பெண்கள் 19, ஆண்கள் 11. முன்னால் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கக்கூடியவர்கள் இதில் நாலே பேர். இடம், கீழ்த்தளத்தில் இருக்கும் பொது ஹால். ஹரே ராம மகாமந்திரம்தான் சொல்லப்போகிறோம்.

கேட்க வேண்டியவை:

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் உட்கார வேண்டும்? ஒரு குழு எழுந்து அடுத்த குழு உட்காரும்போது நாமம் அறுந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஆண், பெண் சேர்ந்து சொல்வதற்கு எத்தனை கட்டை சுருதி வைக்கலாம்?

எண்ணிக்கை வைக்க வேண்டுமா? வைத்தால் யார் எண்ணுவது, எதை வைத்து எண்ணுவது?

குருவிடம் மந்திர உபதேசம் வாங்காதவர்கள் சொல்லலாமா? தீட்டில் இருப்பவர்கள் வரலாமா? இதை இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

"ஹரே ராம" முதலில் வருமா, "ஹரே கிருஷ்ண" முதலில் வருமா என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகச் சண்டை. அதையும் தீர்த்துவையுங்கள்.

ஜால்ராச் சத்தம்:

ராம ராம. கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், சண்டை என்பதால்.

இந்த மந்திரம் வருகிற கலிசந்தரண உபநிஷத்து அச்சில் கிடைக்கிறபடி "ஹரே ராம" முதல் பாதி, "ஹரே கிருஷ்ண" இரண்டாம் பாதி. நம் பக்கத்து பஜனை மடங்களிலும் அப்படித்தான். சைதன்யர் வழிவந்த கௌடீயர்கள், இஸ்கான் உள்பட, "ஹரே கிருஷ்ண" என்று தொடங்குவார்கள். இரண்டுமே 16 நாமம், 32 எழுத்து. உங்கள் ஹாலில் யார் அதிகமோ அவர்கள் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, பெரிய எழுத்தில் எழுதி நேர் எதிர்ச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சண்டை முடிந்தாலும் ஒட்டத்தான் வேண்டும். மதியம் 2 மணிக்கு வந்து நடுவில் சேருகிறவர் எந்தப் பாதி ஓடுகிறது என்று தெரியாமல் மாற்றிச் சொல்லுவார், பக்கத்தில் இருப்பவர் அவரைத் தொடர்வார், பத்து நிமிஷத்தில் ஹாலில் பாதிப் பேர் ராமனிலும் பாதிப் பேர் கிருஷ்ணனிலும் இருப்பார்கள். பகவானுக்கு ஆட்சேபம் இருக்காது. எடுத்துக்கொடுக்கிறவருக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்.

இப்போது ஆள் கணக்கு. 12 மணி நேரம், ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 30 பேருக்கு 60 ஆள்-மணி. அதாவது ஒரு மணிக்கு ஐந்து பேர். ஐந்து தாராளம். மூன்றுக்குக் கீழே போனால்தான் ஆபத்து. ஒருத்தருக்கு இருமல் வந்தாலே நாமம் தொங்கிவிடும். ஆனால் உங்கள் பிரச்சினை ஐந்து பேரில் இல்லை, அந்த நாலு பேரில் இருக்கிறது. நாலு பேர் மட்டும் எடுத்துக்கொடுத்தால் ஆளுக்கு மூன்று மணி நேரம் வரும். மூன்றாவது மணியில் தொண்டை கட்டிவிடும். இன்னும் நாலு பேரைத் தயார் செய்யுங்கள். நாமம் எடுத்துக்கொடுக்க சங்கீதம் தெரிந்திருக்க வேண்டாம். சுருதியில் நிற்கத் தெரிய வேண்டும், ஓடாமல் இருக்கத் தெரிய வேண்டும். எட்டுப் பேர் ஆனால் அரை மணி நேரம் வீதம் ஆளுக்கு மூன்று தடவை. ஒருவர் தொடர்ந்து எடுத்துக்கொடுப்பது அரை மணிக்கு மேல் போகவே கூடாது என்பது என் கட்சி.

சொல்லும் முறை: முன்னவர், அதாவது எடுத்துக்கொடுக்கிறவர், ஒரு முறை முழு மந்திரம், பின்னவர்களான மற்றவர்கள் திருப்பி ஒரு முறை முழு மந்திரம். எல்லோரும் சேர்ந்து ஒரே குரலாகச் சொல்ல ஆரம்பித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எல்லோருக்கும் மூச்சு ஒரே இடத்தில் முடியும், எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவார்கள், அங்கே ஒரு வினாடி வெறுமை. அகண்டம் அறுவது பெரும்பாலும் குழு மாறும்போது இல்லை, இந்த மாதிரி மூச்சு வாங்கும் இடத்தில்தான். முன்னவர் கடைசி "ஹரே"யைப் பின்னவர்களின் முதல் "ஹரே" காதில் விழும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். பின்னவர்களும் அப்படியே. இந்த ஒன்றை மட்டும் முதல் நாள் மாலை எல்லோரையும் உட்காரவைத்து கால் மணி நேரம் பழக்கிவிடுங்கள்.

குழு மாறுவது: அடுத்த ஐந்து பேர் மணி அடிக்க ஐந்து நிமிஷம் முன்பே வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, பின்னவர்களோடு சேர்ந்து சொல்ல ஆரம்பிக்க வேண்டும். புதிதாக எடுத்துக்கொடுக்கப் போகிறவர் பத்துச் சுற்றாவது பின்னவராகச் சொல்லி, சுருதியையும் நடையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜால்ரா இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஜோடியைக் கைமாற்றினால் மாற்றும் அந்த இரண்டு வினாடியில் தாளம் விழும், தாளம் விழுந்தால் குரலும் விழும். புதியவர் தன் ஜோடியை இரண்டு சுற்று சேர்த்துத் தட்டிய பிறகுதான் பழையவர் நிறுத்த வேண்டும். பழைய குழு ஐந்து பேரும் ஒன்றாக எழுந்திருக்கக் கூடாது. ஒவ்வொருவராக, சுவரோரமாக.

சுருதி: ஒன்றரைக் கட்டை வையுங்கள். ஆண்கள் ஒன்றரைக் கட்டையிலேயே சொல்லுவார்கள், பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே சொல்லுவார்கள். பாட்டுக் கச்சேரி என்றால் பெண்களுக்கு 5, ஐந்தரை என்றுதானே வைப்பார்கள் என்று யாராவது கேட்பார்கள். அது மூன்று ஸ்தாயியும் பாட வேண்டியவர்களுக்கு. நாமத்தின் மெட்டு ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் அடங்கிவிட வேண்டும். அப்படி அடங்கினால் மேல்ஸ்தாயி ஒன்றரைக் கட்டையில் சொல்லுவது பெண்களுக்குச் சிரமமே இல்லை. மெட்டு தாரஸ்தாயிக்குப் போகிற மாதிரி வைத்தீர்களோ, 10 மணிக்குள் பாதிப் பேருக்குக் குரல் போய்விடும்.

ராகம் மாற்றலாமா என்றால் மாற்றலாம். காலையில் பௌளி, நடுவில் மோகனம், மாலையில் சிந்துபைரவி, முடிவில் மத்யமாவதி என்று வழக்கம் உண்டு. ஆனால் குழு மாறும் நேரத்தில் மெட்டை மாற்றாதீர்கள். ஆளும் மாறி மெட்டும் மாறினால் யாரைப் பிடித்துக்கொள்வது? குழு உட்கார்ந்து கால் மணி கழித்து மாற்றுங்கள்.

காலம்: நல்ல நிதானமான நடையில் ஒரு மந்திரத்துக்கு 8 வினாடி. முன்னவர், பின்னவர் சேர்ந்து 16. இது தானாக ஓடும். இருபது நிமிஷத்தில் 8 வினாடி 6 ஆகும், 5 ஆகும், "கிருஷ்ண" என்பது "கிஷ்ண" ஆகும். மிருதங்கம், டோலக் வைத்தால் இன்னும் சீக்கிரம் ஓடும். வாசிக்கிறவருக்கு உற்சாகம் வந்துவிடும். காலத்துக்குப் பொறுப்பு ஜால்ரா தட்டுகிறவர்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜால்ரா சின்னதாக இருக்கட்டும். பெரிய வெண்கல ஜோடி மூடிய ஹாலில் எதிரொலித்து வார்த்தையை முழுங்கிவிடும்.

மதியம் 1 முதல் 3 வரைதான் கண்டம். எல்லோரும் நல்ல குரல் உள்ளவரை மாலை 5 மணிக்கு வைத்துக்கொள்வார்கள், கூட்டம் வருமே என்று. மாலையில் கூட்டமே நாமத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். உங்கள் நாலு பேரில் சிறந்த இரண்டு பேரை 1 மணிக்கும் 2 மணிக்கும் போடுங்கள். அவர்கள் சாப்பாடு 3 மணிக்கு மேல்தான் என்பதையும் சொல்லிவையுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மூச்சும் நிற்காது, கண்ணும் நிற்காது.

தொண்டைக்கு வெந்நீர், பனங்கற்கண்டு, நாலு மிளகு. ஐஸ் தண்ணீர் பாட்டில் ஹாலுக்குள்ளேயே வரக் கூடாது. பின்னவர்கள் சொல்லும் அந்த 8 வினாடியில் ஒரு மிடறு குடித்துக்கொள்ளலாம், இரண்டாவது மிடறுக்கு ஆசைப்பட வேண்டாம்.

துளசிமணி:

மேலே சொன்ன காலக்கணக்கோடு எண்ணிக்கையைச் சேர்த்துவிட்டால் ஒரு வேலை மிச்சம்.

முன்னவர், பின்னவர் சேர்ந்து 16 வினாடி என்றால், 108 சுற்றுக்கு 1,728 வினாடி. கிட்டத்தட்ட 29 நிமிஷம். அதாவது எடுத்துக்கொடுக்கிறவரின் அரை மணி நேரமும் 108 மணி கோத்த ஒரு ஜபமாலையும் ஏறக்குறைய ஒன்று. 12 மணி நேரத்துக்கு 2,700 சுற்று, சரியாக 25 மாலை. ஆகவே குழுவில் ஒருவர் மாலையை வைத்துக்கொண்டு முன்னவர் சொல்லும்போது மட்டும் ஒரு மணி தள்ளட்டும். மேரு, அதாவது மாலையின் தலைமணி, வந்ததும் முன்னவர் மாறட்டும். கடிகாரம் பார்த்து மாற்றுவதைவிட இது சுத்தமாக இருக்கும். மேரு 20 நிமிஷத்திலேயே வந்துவிட்டால் காலம் ஓடிவிட்டது என்று அர்த்தம். ஜால்ராக்காரருக்குக் கண்ணைக் காட்டுங்கள். மாலை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு ஒரு பாதாம் மாற்றிவைத்தால் போதும். காகிதத்தில் கோடு போடுவது வேண்டாம், பேனா தேடுவார்கள்.

மாலை விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடங்கள்:

ராம, கிருஷ்ண நாமத்துக்குத் துளசி, சிவ நாமத்துக்கு ருத்ராட்சம், தேவிக்கு ஸ்படிகம் என்பது பொது வழக்கம். 108 மணி, தனியாக ஒரு மேரு. வலது கை நடுவிரலின் மேல் மாலை, கட்டைவிரலால் உள்பக்கமாகத் தள்ளுவது. ஆள்காட்டி விரல் படக் கூடாது. மாலையை உள்ளே வைத்து ஜபிக்கும் கோமுகிப் பைக்குத் தனி ஓட்டை வைத்திருப்பது அந்த விரலை வெளியே விடத்தான். மேரு வந்ததும் தாண்டாமல் மாலையைத் திருப்பி வந்த வழியே போக வேண்டும். திருப்பும்போதுதான் பலருக்கு மாலை கை நழுவும். மேரு நடுவிரலில் இருக்கும்போதே கட்டைவிரலால் அதற்கு முந்தின மணியைப் பிடித்து, மற்ற விரல்களை வெளியே எடுத்து மறுபக்கமாகக் கோத்துக்கொண்டால் நழுவாது.

வாங்கும்போது மணிக்கு மணி முடிச்சுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சு இல்லாத மாலையில் இரண்டு மணி ஒன்றாக நகரும், ஒரு மாலைக்கு நாலைந்து எண்ணிக்கை காணாமல் போகும். துளசி மணியைத் தண்ணீரில் ஊறவைத்தால் வெடிக்கும், துளை அடைந்துபோகும். ஈரம் பட்டால் துடைத்து நிழலில் காயவைத்தால் சரி. நூல் கறுத்து நைந்துவிட்டால் அறுவதற்குக் காத்திருக்காமல் மாற்றிக் கோர்த்துவிட வேண்டும். ஹாலில் அறுந்து 108 மணியும் உருண்டால் அத்தனை பேர் கவனமும் அதன் பின்னாலேயே உருளும்.

ஒரு மாலைக்கு 100 என்றுதான் கணக்கு வைப்பது, மிச்சம் 8 தப்பு வந்ததற்கு ஈடு. அதனால் ஒரு லட்சம் என்றால் 1,000 மாலை. 926 மாலையில் லட்சம் வந்துவிடுகிறதே என்று வகுத்துப் பார்த்துக் கேட்பார்கள். வரும், ஆனால் வழக்கம் அப்படியில்லை.

மாலை இல்லாதவர்களுக்கு விரற்கணு. மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கி, அதன் அடி, சுண்டுவிரல் அடி, நடு, நுனி, மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரல் நுனி, நடு, அடி. பத்து ஆயிற்று. நடுவிரலின் நடுவும் அடியும் மேருவுக்குச் சமம், அவற்றைத் தொடுவதில்லை. பத்துப் பத்தாக இடது கையில் கணக்கு. விரலில் மாட்டும் எண்ணிக்கை மெஷினும் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. தோஷம் ஒன்றும் இல்லை. பட்டன் தேய்ந்தால் ஒரு அழுத்துக்கு இரண்டு ஏறும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

பெரிய எண்கள் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கலிசந்தரண உபநிஷத்து சொல்லும் எண்ணிக்கை மூன்றரைக் கோடி. இஸ்கானில் தீட்சை பெற்றவர்கள் தினமும் 16 மாலை சொல்கிறார்கள், 1,728 மந்திரம், சுமார் இரண்டு மணி நேரம். அந்த வேகத்தில் மூன்றரைக் கோடிக்கு 55 வருஷத்துக்கு மேல் ஆகும். தியாகராஜ சுவாமி 96 கோடி ராம நாமம் ஜபித்தார் என்று வழங்கி வருகிறது. நாளொன்றுக்கு ஒன்றேகால் லட்சம், 21 வருஷம் என்று போட்டால் கணக்கு ஒட்டி வருகிறது. ஒன்றேகால் லட்சத்தை வினாடிக்கு இரண்டு வீதம் சொன்னாலும் 17 மணி நேரம் தாண்டும். ஆகவே குடியிருப்பு நோட்டீஸில் "ஒரே நாளில் ஒரு கோடி" என்று போடுவதற்கு முன் யாராவது கால்குலேட்டரை எடுத்துப் பாருங்கள்.

காவேரிக்கரை:

எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் துளசிமணி சொன்ன மாலை காலத்தைக் காக்கத்தான் பயன்பட வேண்டும். ஹாலில் 30 பேர் இருந்தார்கள், ஆகவே 2,700ஐ 30ஆல் பெருக்கு என்று ஒருவர் ஆரம்பிப்பார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். முன்னவர் சொன்னது எத்தனையோ அதுவே கணக்கு.

உபதேசக் கேள்விக்கு வருகிறேன். அஷ்டாக்ஷரம் என்ற எட்டெழுத்து மந்திரம் போன்றவற்றை ஆசாரியரிடம் வாங்கிக்கொண்டு சொல்வது மரபு. நாமத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. ராம, கிருஷ்ண, கோவிந்த, சிவ என்று கூப்பிட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். நாமமே வழி என்று சொல்லும் தமிழ்நாட்டு நாம சித்தாந்தமே இதன் மேல் நிற்கிறது. காஞ்சி காமகோடி பீடத்தின் 59ஆவது ஆசாரியர் போதேந்திர சரஸ்வதி ராம நாமத்தையே பரப்பி, கும்பகோணத்தை அடுத்த கோவிந்தபுரத்தில் 1692இல் சித்தியடைந்தார். அவர் காலத்தவரே திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள். அவர் சிவ நாமத்தின் மேல் அறுபது சுலோகம் செய்தவர். பின்னால் வந்த மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் காவேரி மணலில் மறைந்துபோயிருந்த போதேந்திரரின் அதிஷ்டானத்தை, அதாவது சமாதி இடத்தை, கண்டெடுத்தார், இன்று பஜனை மடங்களில் நடக்கிற முறைக்கும் வரிசை அமைத்துக் கொடுத்தார். பஜனை தொடங்கும்போது இந்த மூன்று பேரையும் சேர்த்துத்தான் குருத்யானம் சொல்வார்கள். உங்கள் நிகழ்ச்சியிலும் பிள்ளையாருக்கு அடுத்து அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஐந்து நிமிஷம் ஆகும்.

தீட்டு: நாமம் சொல்ல தேசம், காலம், சுத்தம் என்ற நியமம் இல்லை என்பதில் நாம சித்தாந்தக்காரர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்கிறார்கள்: தீட்டில் இருப்பவர்கள் விளக்கு ஏற்றுவது, பூ போடுவது, நைவேத்தியம் செய்வது ஆகியவற்றில் கை வைப்பதில்லை. நாமம் சொல்லத் தடை இல்லை. ஆனால் வருகிறவர்களில் கெடுபிடியான பெரியவர்கள் இருந்தால் ஹாலில் வைத்து விவாதம் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து அதே நேரத்தில் சொல்லட்டும், அதுவும் கணக்குதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாமத்தில் சுத்தக் குறைவு பார்ப்பதில்லை, ஆனால் பத்து அபராதம், அதாவது நாமத்துக்குச் செய்யும் குற்றம், பார்க்கிறார்கள். பத்ம புராணத்தை ஒட்டி வருவது. சாதுக்களை நிந்திப்பது; சிரத்தை இல்லாதவர்களிடம் வலியப் போய் நாம மகிமை பேசுவது; சிவன், விஷ்ணு என்று பேதம் பார்ப்பது; வேதம், சாஸ்திரம், குரு ஆகிய மூன்றின் வார்த்தையிலும் நம்பிக்கை இல்லாமை, இவை தனித்தனியாக மூன்று; நாம மகிமை எல்லாம் வெறும் மிகைப்பேச்சு என்று நினைப்பது; நாமம் இருக்கிறதே என்று பாவம் செய்வது; நாமம் இருக்கிறதே என்று செய்ய வேண்டிய கர்மாவை விடுவது; மற்ற தர்மங்களில் ஒன்றாக நாமத்தையும் சமமாக வைப்பது.

இதில் இரண்டாவது உங்கள் நோட்டீஸுக்கு நேராகப் பொருந்தும். "கலந்துகொண்டால் கடன் தீரும், வேலை கிடைக்கும்" என்று எழுதி எல்லார் வீட்டுக் கதவிலும் செருகுவது, வேண்டாதவர்களைக் கிண்டல் பண்ண வைக்கும். இடம், நேரம், நாமம், பிரசாதம் என்று நாலு வரி போதும். ஒன்பதாவது அமைப்பாளர்களுக்கு: காலை சந்தியாவந்தனத்தை விட்டுவிட்டு 6 மணிக்கு ஓடி வராதீர்கள். அபராதம் வந்துவிட்டால் என்ன செய்வது என்றால், அதற்கும் நாமமே பரிகாரம் என்பதுதான் மரபின் பதில்.

வேளச்சேரி வாசி:

மூன்று பேருக்கும் நன்றி. மேரு வந்ததும் ஆள் மாற்றுவது என்பது உடனே புரிந்தது, அப்படியே வைத்துக்கொள்கிறோம். இன்னும் சில விஷயம். பி பிளாக்கில் ஒருவர் சத்தத்துக்கு ஆட்சேபம் சொல்கிறார், மைக் வைக்கலாமா? சிவ பக்தர்கள் சிலர் பாதி நேரம் நமசிவாய வைக்கச் சொல்கிறார்கள். மாலையில் எப்படி முடிப்பது? அப்புறம், மதியம் ஆள் குறைந்தால் யூடியூபில் நாமத்தைப் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா?

சங்கத்து ஆள்:

மைக் பற்றி நான் சொல்கிறேன். ஒலி மாசு விதிகள் 2000இன்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. உங்கள் நேரம் அதற்குள்தான் இருக்கிறது. ஆனாலும் ஐந்து பேர் சொல்வதற்கு மைக் எதற்கு? ஹாலில் இருப்பவர்களுக்குக் கேட்டால் போதாதா? ஆட்சேபம் சொன்னவர் வீட்டுப் பக்க ஜன்னலை மூடி, கதவுக்கு ஒரு கனமான திரை போட்டுவிட்டு, ஒரு நாள் முன்பு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பாதி ஆட்சேபம் தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான்.

சுருதிப் பெட்டியை மின்சாரத்தில் மட்டும் நம்பாதீர்கள். செல்போனில் சுருதி ஆப் வைத்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது கூப்பிட்டதும் சுருதி நின்று ரிங்டோன் வரும், அடுத்த சுற்றே ரிங்டோன் சுருதிக்குப் போய்விடும். இன்னொரு போன் சார்ஜ் ஏற்றித் தயாராக இருக்கட்டும்.

ஜால்ராச் சத்தம்:

நமசிவாய தாராளமாக வைக்கலாம், ஆனால் இன்னொரு நாள். பேதம் பார்த்துச் சொல்லவில்லை. ஒரே நாளில் நாமத்தை மாற்றினால் நடை மாறும், மெட்டு மாறும், 12 மணிக்கு யாரோ ஒருவர் பழையதையே சொல்லிக்கொண்டிருப்பார், அங்கே அறும். ஆட்களைத் திருப்திப்படுத்தத்தான் வேண்டும் என்றால் காலை தொடங்கும் முன் "நமப் பார்வதீபதயே" சொல்லி எல்லோரும் "ஹர ஹர மகாதேவ" சொல்லட்டும், பஜனையில் அது எப்படியும் வருவதுதான்.

விளக்கு பற்றி யாரும் சொல்லவில்லை. குழு மாறும்போது வெளியே போகிற குழுவில் ஒருவர் எண்ணெயும் திரியும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். வருகிற குழுவிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவர்கள் உட்காருகிற அவசரத்தில் மறந்துவிடுவார்கள். திரி தூண்ட ஒரு குச்சியும் எண்ணெய்க் கிண்ணமும் விளக்கின் பக்கத்திலேயே இருக்கட்டும். ஃபேன் காற்று நேராக அடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

முடிப்பது: 6 மணிக்கு நிறுத்திவிட்டு அப்புறம் கற்பூரம் தேடக் கூடாது. 5:45க்கே தட்டு, கற்பூரம், தீப்பெட்டி, நைவேத்தியம் எல்லாம் சன்னிதியில் தயாராக இருக்க வேண்டும். 6 மணிக்கு நாமம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நைவேத்தியம், ஆரத்தி. ஆரத்தி முடிந்ததும் ஜால்ரா காலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கடைசி மூன்று சுற்று முன்னவர், பின்னவர் என்றில்லாமல் எல்லோரும் சேர்ந்து. அதன் மேல் மூச்சுக்கூட விடாமல் "ஜானகீ காந்த ஸ்மரணம்", "ஜய் ஜய் ராம ராம", பிறகு மங்களம். கடைசி அரை மணிக்கு வந்தவர்கள் எல்லோரும் கை தட்டி வேகமாகக் கொண்டுபோய் முடிக்க ஆசைப்படுவார்கள். ஐந்து நிமிஷம் விட்டுக்கொடுங்கள், அதற்கு மேல் விட்டால் பிடித்து இறக்க முடியாது.

பிரசாதத்துக்கு 40 பேர் என்று வைத்துக்கொண்டால் கொண்டைக்கடலை ஒன்றரைக் கிலோ, முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். பானகம் நாலு லிட்டர் தண்ணீருக்கு 800 கிராம் வெல்லம், சுக்கு, ஏலக்காய். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிவிட்டு அளந்து பாருங்கள், மண் நிறைய இருக்கும்.

யூடியூப் கேள்விக்கு: வேண்டாம். போட்ட உடனே ஹாலில் இருக்கிற மூன்று பேரும் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பிப்பார்கள். ஆள் குறைந்தால் மெட்டை விட்டுவிட்டு ஒரே ஸ்வரத்தில், பேசுகிற குரலில், இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாலே போதும். 1 மணிக்கும் 2 மணிக்கும் வர வேண்டியவர்களுக்குக் காலை 11 மணிக்கு ஒருமுறை போன் போட்டு ஞாபகப்படுத்த ஒரு ஆளை நியமித்துவிட்டால் அந்த நிலைமையே வராது.